வெண்கலக் கோரியின் முட்டைகள் வெளுத்துவிடுகின்றன, என்ன செய்யலாம்?

வினா (திருநகர்)

அன்பர்களுக்கு வணக்கம். இரண்டடி நீளத் தொட்டியில் வெண்கலக் கோரி எனப்படும், தொட்டியின் அடியில் மேயும் சிறிய கெளுத்தி வகை மீன்கள் ஆறை இரண்டு ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன். கீழே ஆற்று மணல். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடுகிறது. தண்ணீர் எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். சென்ற ஐப்பசியில், இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், முன்பக்கக் கண்ணாடியில் ஜவ்வரிசியைவிடச் சிறிய முட்டைகள் ஒட்டியிருக்கக் கண்டேன். நாற்பதுக்கு மேல் இருந்தன. மறுநாளே பெரும்பாலானவை சுண்ணாம்பு போல வெளுத்தன. மூன்றாம் நாள் அவற்றின் மேல் பஞ்சு போலப் பூஞ்சை படர்ந்தது. எஞ்சியவற்றைப் பெரிய மீன்களே தின்றுவிட்டன. அதன் பிறகு இன்றுவரை முட்டையே இல்லை. மீன் வாங்கிய கடையில் கேட்டதற்குக் கல்லுப்புப் போடச் சொன்னார்கள். போட்ட அன்று மாலையே மீன்கள் சோர்ந்து மேலே வந்து நின்றதால், பாதித் தண்ணீரை மாற்றிவிட்டேன். இந்த மீன்களின் குஞ்சுகளை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. வழி சொல்லுங்கள்.

மறுமொழி (திருப்பரங்குன்றம்)

உப்பை நிறுத்தியது நல்லதாயிற்று. கோரிகளின் உடலில் செதில்கள் இல்லை, எலும்புத் தகடுகளே உள்ளன; உப்பும் மருந்தும் இவற்றுக்கு எளிதில் ஒவ்வாமல் போகும்.

முதலில் உங்கள் ஆறில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. மேலிருந்து பார்க்கும்போது வயிற்றுப் பக்கம் அகன்று உருண்டிருப்பது பெண். ஒல்லியாகவும் சற்றுச் சிறிதாகவும் இருப்பது ஆண். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்ற கணக்கில் இருந்தால் முட்டைகள் நன்றாகக் கருவுறும். இணையும் நேரத்தில் பெண் மீன் ஆணின் வயிற்றோடு வாயைப் பொருத்திக்கொண்டு நிற்கும். அப்போதே தன் இடுப்புத் துடுப்புகளைக் கூடை போலக் குவித்து அதில் சில முட்டைகளை இடும். பிறகு அவற்றைச் சுமந்து சென்று, கண்ணாடியிலோ இலையிலோ இடம் தேர்ந்து ஒட்டிவிட்டுத் திரும்பவும் ஆணிடம் வரும். நாற்பது முட்டைக்கு இப்படிப் பலமுறை போய் வர வேண்டும் என்பதை எண்ணினால், அந்தச் சிறிய மீனின் உழைப்பு வியப்பைத் தருகிறது.

ஓரிரு நாளில் வெளுப்பவை பெரும்பாலும் கருவுறாதவை. கருவுற்றவை பழுப்பேறி, உள்ளே கரும்புள்ளியாகக் கண் தெரியும். வெளுத்ததை உடனே எடுக்காவிட்டால், அதிலிருந்து பூஞ்சை பக்கத்திலுள்ள நல்ல முட்டைக்கும் பரவிவிடும். உங்களுக்கு நேர்ந்ததும் இதுவாகவே இருக்கும்.

மறுமொழி (சோழவந்தான்)

மேலே சொன்னவற்றோடு தண்ணீரைப் பற்றியும் பேச வேண்டும். தென் அமெரிக்காவில் இந்த மீன்கள் வாழும் நீர்நிலைகளில் மழைக்காலம் வந்தால் புதிய, குளிர்ந்த, உப்புக் குறைந்த தண்ணீர் பெருகும், இரையும் பெருகும். அதுவே இவை முட்டையிடும் காலம். உங்கள் வீட்டில் ஐப்பசி மழைக்கு மறுநாள் அவை முட்டையிட்டது தற்செயல் அன்று.

ஆகவே அழகர் ஆற்றில் இறங்கும் வெயில் காலத்தில் முயல வேண்டாம். அப்போது நம் ஊர்த் தொட்டிகளில் வெப்பம் 31 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். மீன்களைப் பிழைக்க வைப்பதே அப்போதைய வேலை, அதற்கு நீர்ப்பரப்பின் மேல் படும்படி ஒரு சிறிய மின்விசிறி வைத்தால் போதும். ஐப்பசி பிறந்ததும் பத்து நாட்கள் உறையவைத்த இரத்தப்புழு, கொசுப்புழு என்று புரதம் மிகுந்த இரையைக் கொடுங்கள். சாக்கடை ஓரத்தில் எடுக்கும் டியூபிஃபெக்ஸ் புழுவை நான் கொடுப்பதில்லை. நோய் வந்து ஒரு கூட்டத்தையே இழந்திருக்கிறேன். பெண்களின் வயிறு பருத்ததும், மாலையில் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டு, நான்கைந்து டிகிரி குளிர்ந்த தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். முதல் மழையை வழியவிட்டு, அடுத்த மழையில் மொட்டை மாடியில் பிடித்த தண்ணீர் இதற்கு மிகச் சிறந்தது. கண்ணாடியில் வெள்ளைக் கறை படியும் அளவுக்கு உங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினமானதென்றால், மழைநீரைச் சரிபாதி கலப்பது முட்டைகளுக்கும் நல்லது. மறுநாள் காலை முட்டை இல்லையென்றால், அடுத்த இரண்டு மாலையும் அப்படியே செய்யுங்கள்.

மறுமொழி (மேலூர்)

முட்டை பொரிப்பதைவிடக் குஞ்சைக் காப்பதுதான் கடினம் என்பது என் அனுபவம். ஆகவே அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இட்டவுடன் முட்டை பசை போல இளகியிருக்கும், தொடாதீர்கள். சில மணி நேரத்தில் தோல் இறுகியதும், விரல் நுனியால் மெல்ல உருட்டினால் கண்ணாடியிலிருந்து உடையாமல் கழன்று வரும். அகலமான பிளாஸ்டிக் டப்பாவில் அதே தொட்டியின் தண்ணீரை நான்கு விரற்கடை உயரத்துக்கு ஊற்றி, முட்டைகளை ஒன்றோடொன்று படாமல் பரப்பி, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனை மெதுவாக ஓடவிடுங்கள். பூஞ்சையைத் தடுக்க மெத்திலீன் நீலம் என்ற மருந்தைச் சில துளிகள் விடுவோர் உண்டு. நான் தெருவோரத்து நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்து உதிர்ந்த இலையில் ஒன்றைக் கழுவிப் போடுகிறேன். தண்ணீர் தேநீர் நிறமாகும், பூஞ்சையும் குறைகிறது. 25, 26 டிகிரியில் நான்காம் நாள் பொரிந்துவிடும்.

முதல் இரண்டு நாட்கள் குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு ஒட்டியிருக்கும். அப்போது இரை போடக்கூடாது. அது கரைந்ததும், அன்றே பொரித்த ஆர்ட்டீமியாவை (உப்புநீரில் வாழும் நுண்ணிய இறால் போன்ற உயிரி) நாளுக்கு மூன்று வேளை சிறிது சிறிதாகக் கொடுங்கள். இந்தக் குஞ்சுகள் நாள் முழுவதும் அடியிலேயே கிடப்பவை. மிச்சம் விழுந்த இரை அங்கே அழுகினால், மேல் தண்ணீர் பளிங்காக இருக்கும்போதே குஞ்சுகள் செத்துவிடும். டப்பாவில் மணல் வேண்டாம். ஏர் பம்ப்பின் மெல்லிய குழாயால் காலையும் மாலையும் அடி அழுக்கை உறிஞ்சி எடுத்து, அதே அளவு பெரிய தொட்டித் தண்ணீரை ஊற்றுங்கள். இதை ஒரு வேளை தவறவிட்ட நாளில் முப்பது குஞ்சுகளில் பத்துதான் எனக்கு மிஞ்சின.

வினா எழுப்பியவர் (திருநகர்)

மூவருக்கும் நன்றி. மேலிருந்து பார்த்ததில் ஐந்து பெண், ஒரே ஓர் ஆண். இன்று மேலும் நான்கு ஆண் மீன்களை வாங்கி, தனித் தொட்டியில் மூன்று வாரம் வைத்துக் கவனிக்க விட்டிருக்கிறேன். மாடியிலிருந்து மழைநீர் இறங்கும் குழாயின் அடியில் வைப்பதற்கு ஒரு நீல டிரம்மைக் கழுவிக் காயவைத்தாயிற்று.