இணையவழி மருத்துவ வகுப்பு: பயிற்சி மருத்துவர்கள் வசதியை நாடுகிறார்களா?

பேராசிரியர், பொது மருத்துவம்:
2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரிகள் மூடப்பட்டபோது வேறு வழியின்றித் தொடங்கிய இணையவழி வகுப்புகளை, இயல்புநிலை திரும்பிய பிறகும் முதுநிலை மாணவர்கள் விடமறுக்கிறார்கள். வாரக் கருத்தரங்கை மீண்டும் அரங்கில் நடத்தலாம் என்றேன். பெரும்பாலோர் கைப்பேசியிலேயே தொடரட்டும் என்கின்றனர். இது சுகம் தேடும் மனப்பான்மை என்றே எனக்குத் தோன்றுகிறது. மறுப்பவர்கள் காரணத்துடன் எழுதுங்கள்.

முதுநிலை இரண்டாம் ஆண்டு மாணவி:
ஐயா, சுகம் என்ற சொல் மனத்தை வருத்துகிறது. 24 மணி நேர டியூட்டி முடிந்து, டிஸ்சார்ஜ் சுருக்கங்களை எழுதிவிட்டு, பிற்பகல் 2 மணிக்கு அரங்கில் உட்காரும் ஒருவருக்கு இரண்டாவது ஸ்லைடிலேயே கண் செருகிவிடும். அதே வகுப்பின் பதிவை மறுநாள் உறங்கி எழுந்து கேட்டபோதுதான், அமில-கார சமநிலைக் கணக்கை, புரியாத இடத்தில் நிறுத்தி, தாளில் போட்டுப் பார்த்து, முதல்முறையாக முழுமையாகப் புரிந்துகொண்டேன். அரங்கில் நாற்பது பேர் முன்னால் அந்த ஐயத்தை நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

பேராசிரியர், பொது மருத்துவம்:
கணக்கு சரி அம்மா, காதுக்கு என்ன செய்வது? இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கும்போது எழும் முணுமுணுப்பு மிகத் தாழ்ந்த ஒலி. நோயாளியை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, ஸ்டெதஸ்கோப்பின் மணிப்பகுதியை இதய நுனியில் மெல்ல வைத்தால்தான் பிடிபடும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் அது பெரும்பாலும் வராது. பின்னணி இரைச்சலை நீக்கும் வசதி அதையும் இரைச்சலென்று கருதி அழித்துவிடக்கூடும். கேட்காத ஒலியைக் கேட்டதாக நம்பும் மருத்துவரை எண்ணித்தான் அஞ்சுகிறேன்.

உக்ரைனிலிருந்து திரும்பியவர்:
இருவரும் பொறுத்தருள வேண்டும். கொரோனாவிலும், 2022 பிப்ரவரி 24இல் போர் தொடங்கிய பிறகும், என் படிப்பின் பெரும்பகுதி திரையிலேயே கழிந்தது. மருந்தியலும் நோய்க்குறியியலும் குறைவின்றி வந்தன. இணையவழியில் மட்டும் நடத்தப்படும் படிப்பை ஏற்க இயலாது என்று தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தபோது கோபம் வந்தது. பின்னர் இங்கே ஒரு வார்டில், வீங்கிய மண்ணீரலைத் தேடி, பாடத்தில் பார்த்தபடி வலது அடிவயிற்றிலிருந்து விரல்களை இடது விலாவை நோக்கி மேலே நகர்த்திக்கொண்டு போனேன், எதுவும் தட்டுப்படவில்லை. உடனிருந்த உதவிப் பேராசிரியர் என் கையை அழுத்தாமல் அப்படியே நிறுத்தி, நோயாளியை ஆழ்ந்து மூச்சிழுக்கச் சொன்னார். மண்ணீரலின் விளிம்பு தானாக இறங்கிவந்து விரல்நுனியைத் தொட்டது. நான் தேடித் துரத்திக்கொண்டிருந்தேன். காத்திருக்க வேண்டும் என்று எந்தக் காணொளியும் என் விரலுக்குச் சொல்லவில்லை.

முதுநிலை இரண்டாம் ஆண்டு மாணவி:
அண்ணா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் ஐயா, நாங்கள் இணையத்தில் கேட்பது கருத்தரங்கை மட்டும்தான். நோயாளியருகே நடக்கும் வகுப்பை அல்ல. அந்த வகுப்புதான் புறநோயாளிகள் கூட்டத்தால் அடிக்கடி ரத்தாகிறது. ஸ்லைடு ஓட்டும் அரங்கிற்கு வருகைப்பதிவு உண்டு. படுக்கையருகே கற்பதற்கு உறுதியான நேரமே இல்லை.

பேராசிரியர், பொது மருத்துவம்:
ரத்தானவற்றில் சில என்னால்தான் ரத்தாயின, மறைக்க விரும்பவில்லை. கருத்தரங்கு பதிவாகவே இருக்கட்டும். அதற்கு ஈடாக, செவ்வாய்தோறும் காலை 7 மணிக்கு, ரவுண்ட்ஸுக்கு முன், ஒரே ஒரு நோயாளி. டியூட்டி முடிந்து இறங்குபவர்களுக்கு வருகைக் கட்டாயம் கிடையாது. ஆனால் இணையவழியில் ஒருவர் கேமராவை அணைத்துவிட்டு இருப்பதை வகுப்பென்று நான் இன்னும் ஏற்கவில்லை. அதைப் பற்றித் தனியே பேசுவோம்.