மனநல லீவ்ல இருக்கவுகளோட கேஸ் சீட்டைக் கம்பெனில கேக்காவ, குடுத்துதான் ஆகணுமா?

பாளைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுக்காரவுக கங்கைகொண்டான் பக்கம் ஒரு கம்பெனில பாய்லர் செக்சன்ல இருக்காவ, அஞ்சாறு வருஷமா அங்கதான், ஈஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) உண்டு. தை பொங்கலுக்கு முன்னால இருந்தே தூக்கம் கெட்டுப்போச்சு, ராத்திரி பூரா பேச்சு, திடீர்னு லோன் போட்டு வண்டி வாங்குதேன்னு நின்னாவ, நாங்க என்னமோ ஏதோன்னு பயந்து கடைசில ஹைகிரவுண்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில சேத்தோம், பைபோலார்னு சொன்னாவ, மனசு ரொம்ப ஏறி எறங்குற நோவாம். இப்ப நல்லா இருக்காவ, மாத்திரை ஒழுங்கா போடுதாவ, பிள்ளையை ஸ்கூல்ல கொண்டு விடுதாவ, ஆனா டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் வேலைக்குப் போகண்டாம்னு சொல்லுதாரு.

கம்பெனி எச்ஆர்ல இருந்து போன் மேல போன். டிஸ்சார்ஜ் சம்மரி, கேஸ் சீட்டு, என்ன மாத்திரை சாப்பிடுதாருங்குற சீட்டு எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க, இல்லைன்னா ஆப்சென்ட்னு போட்டுருவோம்ங்காவ. சூப்பர்வைசரு ஷிப்ட் குரூப்லயே இவுக எந்த ஆஸ்பத்திரில இருக்காவன்னு யாருக்காவது தெரியுமான்னு கேட்டுப் போட்டிருக்காரு, அதுக்குக் கீழ ஒருத்தன் கோட்டி கீட்டி பிடிச்சிருக்கும்னு எழுதி சிரிக்கிற படம் போட்டிருக்கான். அதைப் பாத்துட்டு இவுக அன்னைக்குச் சாப்பிடவே இல்ல.

எங்க அண்ணன் தெரிஞ்ச டாக்டர்ட்ட மஞ்சக்காமாலைன்னு ஒரு சர்ட்டிபிகேட் வாங்கித் தாரேன், சோலி முடிஞ்சிருங்கான். அப்படிச் செய்யலாமா? இல்ல கேட்டதை எல்லாம் குடுத்துதான் ஆகணுமா? வெவரம் தெரிஞ்சவுக சொல்லுங்க.

சங்கரன்கோவிலான்:

தங்கச்சி, வேலை போயிட்டா திரும்பக் கிடைக்காது, கேட்டதைக் குடுத்துட்டு நிம்மதியா இருங்க. எப்படியும் ஒரு நாள் தெரியத்தான செய்யும்.

ஓய்வு சூப்பிரண்டு:

மேல எழுதின தம்பி சொன்னதை நான் ஒத்துக்கிட மாட்டேன். நான் அரசு ஆபீஸ்ல எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்சன்ல இருந்து ரிட்டையர் ஆனவன், லீவ் பைல் ஏகப்பட்டது பாத்திருக்கேன். வேலை குடுக்கிறவருக்குத் தெரிய வேண்டியது ஆள் வேலைக்கு வர முடியாத நெலமையில இருக்காரா, எது வரைக்கும், திரும்பி வந்தா எந்த வேலை பாக்க முடியும், இவ்வளவுதான். என்ன சீக்கு, என்ன மாத்திரை, வார்டுல என்ன பேசினாருங்குறதெல்லாம் அவருக்கு எதுக்கு?

2017ல வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்துல 23ஆம் பிரிவு இருக்கு. மனநோய் உள்ளவருக்கு தன்னோட சிகிச்சை விவரம் ரகசியமா இருக்கணும்னு கேக்க உரிமை உண்டு, வைத்தியம் பாக்கிறவங்க அதைக் காப்பாத்தியே ஆகணும். விதிவிலக்கு உண்டு, உயிருக்கு ஆபத்து, அடுத்தவங்களுக்கு ஆபத்து, கோர்ட்டு உத்தரவு இந்த மாதிரி. ஒரு கம்பெனி எச்ஆர் லீவுக்காகக் கேக்கிறது அதுல வராது. ஒண்ணைக் கவனிங்கம்மா, இந்தப் பிரிவு கட்டுப்படுத்துறது டாக்டரையும் ஆஸ்பத்திரியையும். எச்ஆர் போய்க் கேட்டா ஹைகிரவுண்ட்ல குடுக்க முடியாது, அதனாலதான் உங்க கையால அனுப்பச் சொல்லுதாங்க. நீங்களே அனுப்பிட்டீங்கன்னா அதுக்கு அப்புறம் அது எத்தனை போன்ல சுத்தும்னு யாராலயும் சொல்ல முடியாது. அதனால வாட்ஸ்அப்ல ஒரு பக்கம்கூட அனுப்பாதீங்க.

எங்க ஆபீஸ்ல மருத்துவ விடுப்பு போட்டா பணிப்பதிவேட்டுல தேதியும் விடுப்போட வகையும்தான் ஏறும், நோய் பேரு ஏறாது. நாள் கூடிப் போனா மெடிக்கல் போர்டுக்கு எழுதுவோம், அங்க டாக்டர்மார் பாப்பாங்க, எங்களுக்கு வந்து சேருறது தகுதியா இல்லையாங்குற முடிவுதான். ஒரு தடவை எங்க ஆபீஸ்லயே ஒருத்தர் கூட வேலை பாக்கிறவரோட மெடிக்கல் லீவ் பேப்பரை ஆர்டிஐல, அதாவது தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டு மனு போட்டாரு. தனிப்பட்ட தகவல்னு அந்தச் சட்டத்தோட 8(1)(ஜெ) பிரிவைப் போட்டுத் திருப்பி அனுப்பினோம். 2019ல சுப்ரீம் கோர்ட்டும் ஒரு தீர்ப்புல மருத்துவ ரெக்கார்டு, எந்த டாக்டரைப் பாத்தாங்கங்குறது எல்லாமே தனிப்பட்ட தகவல்தான்னு தெளிவா எழுதியிருக்கு. ஆர்டிஐ கம்பெனிக்குப் பொருந்தாதுதான், ஆனா கோர்ட்டு இதை எப்படிப் பாக்குதுன்னு தெரிஞ்சுக்கோங்க.

எழுத்துல ஒரு கடுதாசி குடுங்க, ஸ்பீட் போஸ்ட்ல. இன்னார் சிகிச்சையில இருக்கார், இந்தத் தேதி வரைக்கும் ஓய்வு தேவைன்னு டாக்டர் சான்று இணைச்சிருக்கேன், இனி இது சம்பந்தமா ஒரே ஒரு அதிகாரி எங்கிட்ட எழுத்துல மட்டும் தொடர்பு கொள்ளணும், குரூப்ல போட்டதை எடுக்கணும்னு. அந்தக் குரூப் பதிவை முதல்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க.

பேட்டை தொழிலாளி:

அக்கா, நான் மில்லுல இருந்தவன், எனக்கு டிப்ரஷன் வந்து ரொம்ப நாள் லீவ்ல கெடந்தேன், அதனால சொல்லுதேன், உங்க அண்ணன் சொல்லுத மஞ்சக்காமாலை சர்ட்டிபிகேட்டு பக்கமே போயிராதீய. பொய் சர்ட்டிபிகேட்டுன்னு கண்டுபிடிச்சாத்தான் வேலையை விட்டுத் தூக்க அவுகளுக்கு நெசமாவே ஒரு காரணம் கெடைக்கும், எழுதிக் குடுத்த டாக்டருக்கும் வில்லங்கம். அதவிட முக்கியம் காசு. ஈஎஸ்ஐல சாதா நோவுக்கு வருஷத்துல 91 நாள், சம்பளத்துல 70 சதம்தான். ஆனா நீண்டகால நோவுன்னு 34 நோவு வச்சிருக்காவ, அதுல மனச்சிதைவு, உங்க வீட்டுக்காரருக்கு இருக்க மாதிரி ஏறி எறங்குற மனநோய், கடுமையான டிப்ரஷன் எல்லாம் வரும், அதுக்கு 80 சதம், ரெண்டு வருஷம் வரைக்கும்கூட நீட்டிக்கலாம். ரெண்டு வருஷ சர்வீஸ் வேணும், உங்களுக்கு இருக்கு. காமாலைன்னு பேப்பர் குடுத்தீயன்னா இது அத்தனையும் போச்சு.

அதுக்காக கம்பெனிக்கு நோவு பேரு தெரியணும்னு இல்ல. சர்ட்டிபிகேட்டும் கிளெய்ம் பாரமும் போறது ஈஎஸ்ஐ கிளை ஆபீசுக்கு, காசு நேரா அவுக பேங்க் அக்கவுண்டுக்கு வரும். கம்பெனிட்ட அவுக கேக்கதெல்லாம் இந்தத் தேதில ஆள் வேலைக்கு வந்தாரா, சம்பளம் குடுத்தீயளாங்குறதுதான். ஹைகிரவுண்ட் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கிட்டு சீக்கிரம் ஈஎஸ்ஐ டாக்டரைப் போய்ப் பாருங்க, இனிமே அங்க இருந்து சர்ட்டிபிகேட் வாங்குங்க, முந்தின நாளுக்கு வெளி ஆஸ்பத்திரிப் பேப்பரை ஏத்துக்கிடுததா வேண்டாமான்னு கிளை ஆபீஸ்ல முடிவு பண்ணுவாவ, கேட்டாத்தான் தருவாவ. ஈஎஸ்ஐல சிக்னெஸ் காசு வாங்குத காலத்துல நோவைக் காட்டி இஷ்டத்துக்கு வேலையை விட்டு எடுத்துரவும் முடியாது, எச்ஆருக்கு அது தெரியாம இருக்காது.

வார்டு சிஸ்டர்:

பேட்டை அண்ணன் சொன்னது சரி, நான் நர்ஸா இருக்கேன், திரும்பி வேலைக்குப் போறப்ப உள்ளதைச் சொல்லுதேன். பிட்னஸ் சர்ட்டிபிகேட் வாங்கும்போது டாக்டர்ட்ட முன்கூட்டியே பேசுங்கம்மா, நோய் பேரு எழுதாம எதைச் செய்யக்கூடாதுங்குறதை மட்டும் எழுதச் சொல்லலாம். பைபோலார்காரங்களுக்கு நைட் ஷிப்ட் ஆகவே ஆகாது, தூக்கம் கெட்டா திரும்ப ஏறிக்கிடும், அதனால இரவுப்பணி கூடாதுன்னு எழுதினாப் போதும். பைபோலாருக்குக் குடுக்குற லித்தியம் மாத்திரை அவருக்குக் குடுத்திருக்காங்களான்னு பாருங்க, குடுத்திருந்தா பாய்லர் பக்கம் ரொம்பக் கவனம், வேர்த்து ஊத்தி ஒடம்புல தண்ணி கொறைஞ்சா ரத்தத்துல மருந்து அளவு ஏறிப்போயிரும், நம்ம ஊரு சித்திரை வெக்கையில அது நெசமாவே ஆபத்து. அதிக வெப்பம் உள்ள எடத்துல வேலை குடுக்க வேண்டாம்னு ஒரு வரி எழுதி வாங்குங்க. இதுக்கு நோய் பேரு எதுக்கு, எத்தனையோ சீக்குக்கு இதே வரி எழுதுவோம்.

மனநலத்துறை சீல் இருந்தாலே தெரிஞ்சு போயிரும்னு பல பேர் அழுவாங்க. மெடிக்கல் காலேஜ் பேரு போட்ட சர்ட்டிபிகேட்ல தர முடியுமான்னு டாக்டர்ட்டயே கேளுங்க.

இன்னொண்ணு, இது எல்லாத்தையும் நீங்க எங்ககிட்ட கேக்கீங்க, அவர்ட்ட கேட்டீங்களா? இப்ப தெளிவா இருக்கார்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ரகசியம் அவரோடது. வெள்ளைத்தாள்ல உங்களை நியமனப் பிரதிநிதின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க, அதுக்கும் அதே சட்டத்துல எடம் இருக்கு, டாக்டர் உங்ககிட்ட விவரம் பேச அது உதவும். ராத்திரில மனசு தாங்கலைன்னா 14416க்கு போன் பண்ணுங்க, அது டெலி மானஸ், தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது, அவருக்கு மட்டும் இல்ல, உங்களுக்கும்தான்.

பாளைக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணன்ட்ட காமாலை வேண்டாம்னு சொல்லியாச்சு, மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கான், பரவால்ல. சிஸ்டர் சொன்னதும்தான் இவுககிட்ட உக்காந்து கேட்டேன். எச்ஆருக்கோ குரூப்ல உள்ளவனுக்கோ ஒரு வார்த்தை தெரியக்கூடாதுன்னாவ, ஆனா அவுக கூட பாய்லர்ல நிக்க போர்மேன் அண்ணாச்சிட்ட மட்டும் நானே சொல்லுவேன், என் பேச்சு வேகம் கூடுதுன்னா முதல்ல கண்டுபிடிக்கது அவருதான், அவருக்குத் தெரியணும்னாவ. கடுதாசி எழுதியாச்சு, சூப்பிரண்டு ஐயா சொன்ன மாதிரி ஸ்பீட் போஸ்ட்ல போடுதேன். ஈஎஸ்ஐக்கு நாளைக்குக் காலைல ரெண்டு பேருமா போறோம், ஆதார், பேங்க் புக், டிஸ்சார்ஜ் சம்மரி எடுத்து வச்சிருக்கேன், வேற என்ன பேப்பர் கேப்பாவன்னு பேட்டை தம்பி பாத்தா சொல்லுப்பா.