தண்ணீர்த் திருட்டைப் பிடிக்க மின்னணு மானி: பொருத்தியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத் தீவகத்தில் எங்கள் ஊர்க் குடிநீர்த் திட்டத்தில், தாங்கியிலிருந்து வெளியேறும் நீருக்கும் வீட்டு மானிகளின் கூட்டுத்தொகைக்கும் பெரிய இடைவெளி இருக்கிறது. கசிவென்றால் ஊர் உறங்கும் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் ஒரே சீராக ஓட வேண்டும்; இங்கோ தாங்கி மட்டம் திடீரென இறங்கி, பிறகு அப்படியே நிற்கிறது. குழாயை மானிக்கு முன்னால் துளைத்து வெங்காயத்துக்கு இறைக்கிறார்கள் என்பது என் சந்தேகம். (கேட்டால் எல்லோரும் நல்லவர்கள்தான்.)

ஒழுங்கைக்கு ஒன்றாக மின்னணு மானியும் அழுத்த உணரியும் பூட்டி, சிம் அட்டை வழியாக அளவுகளைக் கைப்பேசியில் பெற நினைக்கிறோம். உப்புக்காற்றில் இவை நின்றுபிடிக்குமா? மின்கலம் எவ்வளவு காலம் உழைக்கும்? பிவிசி குழாயை வெட்டாமல் வெளியே கட்டும் மீயொலி மானி (காதுக்குக் கேட்காத ஒலியலையால் நீரோட்டத்தை அளப்பது) நம்பகமானதா? பொருத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். விற்பனை முகவர்கள் சற்றுப் பொறுத்திருங்கள்.