எக்ஸ்போசே: தோலுரிப்பா, அம்பலமா?

திருச்சியிலிருந்து:

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

இதழியல் மாணவர்களுக்கான நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்க இதழியலின் பெரிய விருதான புலிட்சர் பரிசு பெற்ற செய்திப்பணிகள் பற்றியது. வெள்ளையர் மேன்மை பேசிய ரகசியச் சங்கமான கூ கிளக்ஸ் கிளானை (சுருக்கமாக கே.கே.கே.) பற்றி அமெரிக்க இதழ்கள் எழுதியவற்றுக்கு ஒரு முழு அத்தியாயம். அதில் பக்கத்துக்கு நாலு முறை 'எக்ஸ்போசே' வந்து மறிக்கிறது; ஒளித்துவைத்த தப்பைப் பத்திரிகை வெளியே போட்டுக் காட்டும் செய்திக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். 1921 செப்டம்பர் 6 முதல் மூன்று வாரம் 'நியூயார்க் வேர்ல்ட்' நாள்தோறும் வெளியிட்டது ஓர் எக்ஸ்போசே. அதை நாட்டின் மற்ற ஊர்களில் 18 நாளிதழ்கள் வாங்கிப் போட்டனவாம்.

'புலனாய்வுத் தொடர்' என்று எழுதித் தப்பிக்கலாம். ஆனால் அடுத்த வரியிலேயே 'இன்வெஸ்டிகேஷன்' வருகிறதே! என் கையில் இருப்பவை: தோலுரிப்பு, முகத்திரைக் கிழிப்பு, வெளிக்கொணர்வு, அம்பலப்படுத்தல். எதுவும் மனசுக்கு ஒட்டவில்லை.

இன்னொரு தொல்லை, கிளான்காரர்கள் எல்லாவற்றுக்கும் 'கிள' போட்டே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆள் சேர்ப்பவர் கிளீகிள், கிளை கிளாவர்ன், நுழைவுக் கட்டணம் கிளெக்டோக்கன், சடங்குப் புத்தகம் கிளோரன். தமிழாக்குவதா, அப்படியே விடுவதா?

*

சென்னையிலிருந்து:

தங்கச்சி, நான் நாளிதழ் ஒன்றின் செய்தி மேசையில் இருபத்தாறு வருஷம் தலைப்புப் போட்டுத் தேய்ந்தவன். அந்த உரிமையில் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

'வெளிக்கொணர்வு' வேண்டாம். மாணவர்களின் திறமையை வெளிக்கொணர்கிறோம் என்று ஆண்டு விழாவில் பேசிப் பேசி அந்தச் சொல்லுக்குச் சந்தனம் பூசிவிட்டார்கள். திருட்டுத்தனம் பிடிபடுகிற வாடையே அதில் இல்லை.

'முகத்திரைக் கிழிப்பு' நல்ல வழக்குதான். ஆனால் இந்த ஆட்கள் நிஜமாகவே முகத்தை மூடிக்கொண்டு வந்தவர்கள். படிக்கிற பையன் யாரோ போய் முக்காட்டை இழுத்ததாக நினைத்துக்கொள்வான். அப்படியும் ஒன்று நடந்திருக்கிறது. 1950 ஆகஸ்டில் தென் கரோலினாவின் மிர்ட்டில் பீச்சில் ஒரு கறுப்பர் நடத்திய கேளிக்கை விடுதியைக் கிளான் கூட்டம் தாக்கியது. சண்டையில் கிளான் ஆள் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். வெள்ளை அங்கியை விலக்கிப் பார்த்தால் உள்ளே போலீஸ் சீருடை! பக்கத்து ஊர்க் காவலர். அந்தத் திரையைக் கிழித்தது துப்பாக்கிக் குண்டு, பத்திரிகை அல்ல. ஆகவே இந்த அத்தியாயத்தில் அந்த வழக்கைப் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

'தோலுரிப்பு' பற்றித்தான் எனக்கு உண்மையான சண்டை. தோலை உரித்தால் மிருகம் செத்துவிட்டது என்று பொருள். எழுதியதன் விளைவையும் சொல்லுக்குள்ளேயே திணித்துவிடுகிறோம். 1921-இல் என்ன நடந்தது? 'வேர்ல்ட்' கணக்குப்பிள்ளை வேலை பார்த்தது. டென்னசியில் கிளீகிளாக இருந்து விலகிய ஹென்றி ஃப்ரை என்ற முன்னாள் ராணுவ கேப்டன் உள்விவகாரத்தைக் கொட்டினார். சேருகிறவர் கொடுக்கும் 10 டாலர் எங்கே போகிறது? ஆள் பிடித்தவருக்கு 4. மாநிலத் தலைவருக்கு 1. வட்டாரத் தலைவருக்கு 50 சென்ட். அட்லாண்டாவில் விளம்பரக் கம்பெனி நடத்திய எட்வர்ட் யங் கிளார்க், எலிசபெத் டைலர் இருவருக்கும் 2.50. மிச்சம் 2 டாலர், 1915-இல் இந்த இரண்டாம் கிளானைத் தொடங்கிய வில்லியம் சிம்மன்ஸின் தலைமையகத்துக்கு. வெள்ளையர் மேன்மை என்று நெருப்புச் சிலுவை ஏற்றியவர்கள் அடியில் ஓட்டியது, ஆளுக்கு ஆள் கமிஷன் வைத்த ஒரு வசூல் வியாபாரம். இதைப் படித்தால் நாடு காறித் துப்பும் என்றுதானே யாரும் எதிர்பார்ப்பார்கள்?

அக்டோபரில் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. சிம்மன்ஸ் உருக்கமாகச் சாட்சி சொல்லி, முடிக்கும்போது மயங்கிச் சரிந்தார். குழு ஒன்றும் செய்யாமல் கலைந்தது. பத்திரிகையில் மாதிரிக்கு அச்சிட்ட சேர்க்கைப் படிவத்தையே கத்தரித்து, நிரப்பி அனுப்பியவர்கள் உண்டு என்று சொல்வார்கள். கிளான் ஊதிப் பெருத்தது. அந்த விசாரணைதான் எங்களுக்குக் கிடைத்த சிறந்த விளம்பரம் என்று சிம்மன்ஸே பின்னாளில் சொன்னார். 'வேர்ல்ட்'டுக்கு 1922-இல் புலிட்சர், கிளானுக்குப் பல இலட்சம் புது உறுப்பினர்கள். இதற்குப் பெயர் தோலுரிப்பா?

என் பரிந்துரை 'அம்பலமேற்றல்'. அம்பலம் என்றால் பொது மன்று, ஊர் கூடுகிற இடம். அங்கே ஏற்றுவதோடு பத்திரிகையின் வேலை முடிகிறது. அதன்பின் ஊர் கல்லெறியலாம், கை தட்டவும் செய்யலாம். அம்பலத்தில் ஆட்டமும் உண்டல்லவா? சிம்மன்ஸ் ஏறி ஆடியே காட்டினார்.

*

மேலூரிலிருந்து:

அண்ணாச்சி சொல்வது அழகு. ஆனால் எங்கள் பக்கம் அம்பலம் என்றால் ஊர்ப் பெரியவர். கோயிலில் முதல் மரியாதை வாங்குகிறவர், பெயருக்குப் பின்னால் பட்டமாகவே போட்டுக்கொள்கிறவர். 'அம்பலமேற்றல்' என்று கேட்டால் யாருக்கோ பரிவட்டம் கட்டுகிறார்கள் என்று நினைப்போம். இது சின்ன விஷயம், போகட்டும்.

பெரிய விஷயம், அந்தச் சொல்லை உங்கள் செய்தி மேசைக்காரர்களே கெடுத்துவிட்டீர்கள். 'கள்ளக்காதல் அம்பலம்', 'நடிகையின் ரகசியத் திருமணம் அம்பலம்'. வாரத்துக்கு மூன்று. டீக்கடை வாசல் போஸ்டரில் கிடந்த சொல்லைப் பாடப்புத்தகத்தில் ஏற்றுவதா?

*

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கட பேப்பர்களில அம்பலப்படுத்தல் எண்டுதான் எழுதுறவை. எல்லாருக்கும் விளங்குது. படுத்தலை விட்டிட்டு ஏற்றலுக்குப் போறதால என்ன கூடுதல் லாபம்?

*

சென்னையிலிருந்து:

மேலூர்த் தம்பிக்கு: குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தலைப்புகளில் பாதி நான் போட்டவை. நாலு பத்தி இடத்தில் இருபத்திரண்டு எழுத்துக்குள் தலைப்பு அடங்கவேண்டும் என்றால் 'அம்பலம்' ஓடி வந்து உட்கார்ந்துகொள்ளும், மாதச் சம்பளம் கேட்காத வேலையாள் மாதிரி. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். அந்த மகா கௌரவமான 'வேர்ல்ட்' தொடரில் எல்லாரும் விழுந்து விழுந்து படித்த பகுதி எது? 1919-இல் அட்லாண்டா போலீஸ் ஒரு வீட்டுக்குள் புகுந்து கிளார்க்கையும் டைலரையும் அரைகுறை உடையில், குடிபோதையில் பிடித்த கதை. ஒழுக்கத்தைக் காக்க வந்த சங்கத்தின் இரண்டு தூண்கள்! கிளானுக்கு உள்ளேயே கூச்சல் கிளப்பியது கமிஷன் கணக்கைவிட இதுதான். எக்ஸ்போசே என்ற சரக்கில் போஸ்டர் வாடை பிறவியிலேயே இருக்கிறது. சொல்லிலும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும்.

யாழ்ப்பாணத்து ஐயாவுக்கு: படுத்தலில் சொல்கிறவன் மட்டும்தான் தெரிகிறான். ஏற்றலில் இடமும் தெரிகிறது, எட்டாத உயரமும் தெரிகிறது. 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்கிறோமே, அதை நினைத்துத்தான் கேட்டேன். வட கரோலினாவில் டேபர் சிட்டி என்று ஒரு சின்ன ஊர். 1950 ஜூலையில் ஒரு சனிக்கிழமை இரவு கிளான்காரர்கள் கார் ஊர்வலமாக அந்த ஊருக்குள் வந்தார்கள். அங்கே ஒரு வாரப் பத்திரிகை, ஆசிரியர் ஹோரஸ் கார்ட்டர், கடற்படையிலிருந்து திரும்பிய இளைஞர். அடுத்த இதழிலேயே 'கே.கே.கே.வுக்கு எந்தச் சாக்கும் இல்லை' என்று தலையங்கம் போட்டார். விளம்பரம் தருகிற கடைக்காரர் யார், அங்கி மாட்டுகிறவர் யார் என்று பிரிக்கமுடியாத ஊர் அது. பக்கத்து ஒயிட்வில்லில் வில்லர்ட் கோல் என்ற ஆசிரியரும் கைகோத்தார். இரவில் வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போய்ச் சாட்டையடி வாங்கியவர்களில் கறுப்பரும் உண்டு, வெள்ளையரும் உண்டு. அவர்கள் சொல் அதுவரை எந்த அம்பலத்திலும் ஏறவில்லை. இரண்டு சிற்றூர்ப் பத்திரிகைகள் மூன்று வருஷம் விடாமல் ஏற்றின. கடத்தப்பட்டவர்களை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோன வழக்கு ஒன்றில் மத்திய அரசின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. உள்ளே வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட கிளான்காரர்களுக்குத் தண்டனை கிடைத்தது, அந்த வட்டாரக் கிளான் தலைவர் தாமஸ் ஹாமில்டனும் சிறைக்குப் போனார். 1953-இல் இரண்டு பத்திரிகைக்கும் புலிட்சர்.

நியூயார்க்கிலிருந்து எழுதியபோது கூட்டம் பெருத்தது, சொந்த வாசலில் எழுதியபோது சிறைக்குப் போனது. இரண்டுக்கும் ஒரே சொல் பொருந்தவேண்டும். 'தோலுரிப்பு' இரண்டாவதற்கு மட்டும்தான் பொருந்தும்.

*

திருச்சியிலிருந்து:

அண்ணா, வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். 'வேர்ல்ட் இதழ் கிளானை அம்பலமேற்றியது' என்று வினையாக வரும்போது உட்கார்ந்துவிடுகிறது. தன்வினைக்கு 'அம்பலமேறியது'. ஆனால் பெயர்ச்சொல்லாக, 'மூன்று வார அம்பலமேற்றல் தொடரை வெளியிட்டது' என்று எழுதினால் நாக்கு சுளுக்குகிறது. எக்ஸ்போசே என்பது செயலை விட அச்சில் வந்த சரக்கைத்தானே குறிக்கிறது? அதனால் நாள்கணக்கில் வந்தால் 'அம்பலத்தொடர்', ஒற்றைக் கட்டுரை என்றால் 'அம்பலக்கட்டுரை', செயலுக்கு 'அம்பலமேற்றல்' என்று வைத்துக்கொள்கிறேன். புலனாய்வு தனியே நிம்மதியாக இருக்கட்டும்.

*

மேலூரிலிருந்து:

அம்பலத்தொடர் பரவாயில்லை. எங்கள் ஊர்ப் பெரியவர் கோபிக்கமாட்டார். 'கிள' சொற்களைத் தமிழாக்காதீர்கள், அக்கா. அந்தக் கோமாளித்தனம்தான் அவற்றின் பொருளே. கிளீகிளுக்கு மட்டும் முதல் முறை வரும்போது 'கமிஷனுக்கு ஆள் பிடிக்கும் முகவர்' என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

*

யாழ்ப்பாணத்திலிருந்து:

நான் அம்பலப்படுத்தல் எண்டே எழுதுவன். ஆனா அம்பலத்தொடருக்கு எதிர்ப்பில்லை.

*

திருச்சியிலிருந்து:

நன்றி. நாளை அத்தியாயத்தை மெய்ப்புக்கு அனுப்புகிறேன். கடைசியாக ஒன்று: அம்பலத்தொடர், சேர்த்தா, இடம் விட்டா?

*

சென்னையிலிருந்து:

சேர்த்தே எழுது. இடம் விட்டால் மெய்ப்புத் திருத்துபவர் 'த்'தைப் பிடுங்கிவிடுவார்.