மறு: மறு: ரிப்ரெஷன் – 'அடக்குமுறை' போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

எங்கள் இரண்டாமாண்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்காக மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ்டியன் டேவன்போர்ட்டைப் பற்றி நாலு பக்கம் எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மக்கள் போராடுவது, அரசு அவர்கள்மேல் பாய்வது (ஆங்கிலத்தில் 'ரிப்ரெஷன்'), இரண்டையும் சேர்த்தே ஆராய்பவர். 1968இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய 'நியூ ஆப்பிரிக்கக் குடியரசு' என்ற கறுப்பின அமைப்பு எப்படிக் கலைந்தது என்று 2015இல் ஒரு நூல் எழுதினார். ஆதாரம் பெரும்பாலும் போலீசின் உளவுக் கோப்புகள். அமைப்புக்குள் உளவாளியை நுழைப்பது, பேர் குறித்து வைப்பது எல்லாமே அங்கே ரிப்ரெஷன்தான். 'அடக்குமுறை' என்றால் பிள்ளைகளுக்கு லத்திதான் தெரிகிறது. வேறு சொல் உண்டா?
– கொழிஞ்சாம்பாறை

இலக்கணப்படி அடக்குமுறை வினைத்தொகை, அது சரி. ஆனால் 'முறை' என்றால் நீதி ஐயா! முறைசெய்து காப்பாற்றுபவன்தானே வள்ளுவரின் மன்னவன்? 'அடக்க'மோ அமரருள் உய்ப்பது. இரண்டு நல்ல சொற்களைப் பிடித்து ஒரு கொடுமைக்குத் தாரை வார்த்துவிட்டோம். கொடுங்கோன்மைக்கு அடுத்த அதிகாரம் வெருவந்த செய்யாமை. வெரு என்றால் அச்சம். வெரு, வெருவு, வெருட்டு. 'வெருட்டாட்சி' என்று வையுங்கள். உளவும் அதற்குள் அடங்கும். பார்க்கிறார்கள் என்பதே வெருட்டல்தானே.
– நாகர்கோவில்

புலவரையா கோபிக்கக் கூடாது. வெருட்டாட்சி என்றால் என் மகளே "அது என்ன ஆட்சி?" என்பாள். இங்கே கேரளத்தில் பிள்ளைகள் போராட்டத்தையே 'சமரம்' என்கிறார்கள். மலையாளப் பாடத்தில் ரிப்ரெஷன் 'அடிச்சமர்த்தல்'. நமக்கு அமர்த்துவது என்றால் வேலைக்கு வைப்பது. அடித்து வேலைக்கு வைப்பதா? தேயிலைத் தோட்டத்துக் கதை தெரிந்தவர்களுக்கு அதுவும் பொருந்தும், விடுங்கள்.

2015இல் 20 சதவீத போனஸ் கேட்டு எங்கள் தோட்டத் தொழிலாளிப் பெண்களின் 'பெண்பிள்ளை ஒருமை' ரோட்டில் உட்கார்ந்ததே, அப்போது தொழிற்சங்கத் தலைவர்களையே பெண்கள் கிட்ட விடவில்லை. லயத்து வீடு (தோட்டக் கம்பெனி தரும் வரிசை வீடு) வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடு போகும் என்ற பயத்துக்கு லத்தி எதற்கு? 'முடக்கல்' எப்படி?
– மூணாறு

அக்கா, வீட்டைப் பிடுங்குவது கம்பெனி. டேவன்போர்ட் பேசுவது அரசைப் பற்றி. ஆனாலும் உங்கள் பக்கம் ஒரு ஆள் உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் டில்லி (தலைநகர் இல்லை, மனிதர்) 1978லேயே, கூட்டாகச் செயல்படுவோருக்கு அதன் விலையை இன்னொரு தரப்பு ஏற்றிவிட்டால் அதுவே ரிப்ரெஷன் என்றார். 'முடக்கல்' அதற்குப் பொருந்தும். சிக்கல் என்னவென்றால், இங்கே பணம் முடக்குவது என்றால் முதலீடு. பிள்ளைகள் சிட்பண்ட் பாடம் என்று நினைப்பார்கள்.
– கொழிஞ்சாம்பாறை

1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழ்நாட்டோடு சேரப் போராடியவர்களைத் திருவிதாங்கூர்-கொச்சிப் போலீஸ் சுட்டதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் 'வெடிவைப்பு' என்றுதான் சொல்வார்கள். யாரும் அடக்குமுறை என்று சொல்லிக் கேட்டதில்லை.
– நாகர்கோவில்

தனித்தமிழ் பேசும் ஐயாவே இப்போது மலையாளச் சாயலுக்கு வந்துவிட்டார்!
– மூணாறு

அது மலையாளம் இல்லை. வெடியும் தமிழ், வைப்பும் தமிழ். தனி மடல் எழுதுகிறேன்.
– நாகர்கோவில்

நண்பர்களே, ஞாயிறு இரவு பதினொன்றரை. அச்சகத்தார் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். 'அடக்குமுறை'யே இருக்கட்டும், லத்தி, துப்பாக்கிக்கு 'வெளிப்படை அடக்குமுறை', உளவுக்கு 'மறைமுக அடக்குமுறை' என்று பிரித்துவிட்டேன். குழுவில் மூன்று பேர் சரி என்றீர்கள். டில்லிக்கு ஒரு பத்தி சேர்த்து, லயத்து வீட்டை உதாரணமாகப் போட்டிருக்கிறேன்.
– கொழிஞ்சாம்பாறை

என் மறுப்பைப் பதிவு செய்யவும். அடைப்புக்குறிக்குள்ளாவது வெருட்டாட்சி வரட்டும்.
– நாகர்கோவில்