ரேஷன் கடையில் விழாத கைரேகை பிராங்க்பர்ட்டில் விழுமா?

சாளைக்காரன் (கோபி):

வணக்கமுங்க. அம்மாவுக்கு 67 வயது. தங்கச்சி ஜெர்மனியில் மான்ஹைமில் இருக்கிறாள், ஜூன் கடைசியில் பிரசவம். அம்மா தனியாகத்தான் போகிறார். இரண்டு எருமையையும் மஞ்சக்காட்டையும் விட்டுவிட்டு நான் நகர முடியாது.

சிக்கல் என்னவென்றால் அம்மாவின் விரல். நாற்பது வருஷம் பால் கறந்து, சோளத்தட்டு அறுத்து, மஞ்சள் வேகவைத்து, ரேகை என்று ஒன்று இருந்த இடமே வழவழவென்று ஆகிவிட்டது. ஆள்காட்டி விரலில் கருக்கரிவாள் பட்ட தழும்பு வேறு. ரேஷன் கடையில் விரலை வைப்பார், மிஷின் கத்தும், துடைத்துவிட்டு மறுபடி வைப்பார், மறுபடி கத்தும். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். இப்போது கருவிழி மிஷின் வந்த பிறகுதான் கண்ணைக் காட்டிச் சாமான் வாங்குகிறார்.

சென்னையில் விசாவுக்குப் போனபோது பத்து விரலையும் பதிய அரை மணி நேரம் ஆனது. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து ஒருவழியாக எடுத்தார்கள். விசா வந்துவிட்டது, 90 நாள். பெங்களூரிலிருந்து நேராக பிராங்க்பர்ட், ஜூன் 2 போய்ச் சேருகிறார், செப்டம்பர் 1 அங்கிருந்து கிளம்புகிறார். மூன்று மாசத்துக்கு ஒரு நாள் குறைவாகத்தான் போட்டிருக்கிறேன்.

இப்போது ஐரோப்பா எல்லையில் புதிதாகக் கைரேகை, முகம் எல்லாம் எடுக்கிறார்களாமே. அங்கே விரல் விழவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களா? ஈரோட்டில் ஒரு டிராவல்ஸில் கேட்டால் "ஆன்லைனில் பயோமெட்ரிக் முன்பதிவு செய்து தருகிறோம், 3,500 ரூபாய்" என்கிறார்கள். கட்டலாமா? அம்மாவுக்குத் தமிழ் தவிர ஒரு வார்த்தை தெரியாது. ராத்திரித் தூக்கம் போச்சுங்க.

பவானிக்கூடல்:

அது ஈட்டியாஸ்ங்க. ஆன்லைன்ல போட்டா உடனே வந்துரும். கட்டிருங்க, எதுக்கு ரிஸ்க்.

கரூர் பெட்ஷீட்:

மேலே சொன்னது தப்பு, தயவுசெய்து காசு கட்டிவிடாதீர்கள். ஈட்டியாஸ் என்பது விசா இல்லாமலே ஐரோப்பா போகக்கூடிய நாட்டுக்காரர்களுக்கு. நாம் விசா வாங்கிப் போகிறவர்கள், நமக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் கேட்பது இ.இ.எஸ், என்ட்ரி எக்சிட் சிஸ்டம். அதற்குக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. பதிவு நடப்பது எல்லையில், போலீஸ் கவுண்டரில். ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு உங்கள் அம்மா விரலை யார் பதிவது? 3,500 ரூபாய்க்கு ஒரு மூட்டை தவிடு வாங்கி எருமைக்குப் போடுங்கள், அதுவாவது பால் கொடுக்கும்.

2025 அக்டோபர் 12-ல் ஆரம்பித்தார்கள். ஒரேயடியாக இல்லாமல் எல்லை எல்லையாகக் கொண்டுவந்து 2026 ஏப்ரல் 10-க்குள் முடிப்பது என்று திட்டம். மொத்தம் 29 நாடுகள். அயர்லாந்தும் சைப்ரஸும் அதில் இல்லை. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதில் வந்த நாள், போன நாள், முகப்படம் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிடும்.

இப்போது உங்கள் அம்மா விஷயம். விசா இல்லாமல் வருகிறவர்களிடம்தான் நாலு விரல் ரேகையைப் புதிதாக எடுத்து வைக்கிறார்கள். விசாவோடு வருகிறவர்களின் ரேகை ஏற்கெனவே விசா கணக்கில் இருக்கிறது. சென்னையில் துடைத்துத் துடைத்து எடுத்தார்களே, அதேதான். பிராங்க்பர்ட்டில் விரலை வைக்கச் சொல்வது அந்த ரேகையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க. புதிதாக எடுப்பது முகப்படம் மட்டும். ஆக, கஷ்டமான கட்டம் சென்னையிலேயே தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் வீட்டுத்துணிக் கண்காட்சிக்கு பிராங்க்பர்ட் போனபோது எங்கள் சாயப்பட்டறை மாஸ்டரையும் கூட்டிப்போனேன். ப்ளீச்சிலும் சோடாவிலும் முப்பது வருஷம் கை வைத்தவர், அவர் விரலும் உங்கள் அம்மா விரல் கதைதான். கவுண்டரில் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி, அதில் நாலு விரலைச் சேர்த்து வைக்க வேண்டும். முதல் தடவை விழவில்லை. மாஸ்டர் பயத்தில் அமுக்கு அமுக்கென்று அமுக்கினார், நகமே வெளுத்துவிட்டது. அந்தப் பெண் போலீஸ் சிரித்துவிட்டுத் தன் கையைத் தூக்கி, பூ வைப்பதுபோல் மெதுவாக வைத்துக் காட்டினார். அப்புறமும் விழவில்லை. இடது கையை வைக்கச் சொன்னார், விழுந்தது. மொத்தமே மூன்று நிமிஷம். அமுக்கினால் இருக்கிற கொஞ்ச ரேகையும் நசுங்கிவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

விரல் சுத்தமாகப் பதியவே முடியாதவர்களுக்கும் சட்டத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். ரேகை இல்லை என்பதற்காக மட்டும் யாரையும் திருப்புவதில்லை. தர மாட்டேன் என்று மறுத்தால்தான் உள்ளே விட மாட்டார்கள். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பிருந்து அரிவாள், தட்டு, சாம்பல் எதையும் தொடவிடாமல் ராத்திரி தேங்காயெண்ணெய் தடவச் சொல்லுங்கள். அன்றைக்குக் காலையில் மட்டும் எண்ணெய் வேண்டாம், கண்ணாடியில் பிசுக்கு ஒட்டும்.

வீல்சேர் கேட்டு வையுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும். தள்ளிப்போகிறவர் கவுண்டர் வரைக்கும் கூடவே வருவார். தங்கச்சி முகவரி, போன் நம்பர், திரும்பும் டிக்கெட், இன்சூரன்ஸ், பிரசவத் தேதி போட்ட ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில் அம்மா மடியில் இருக்கட்டும். மேலே ஜெர்மன் மொழியில் தங்கச்சியை நாலு வரி எழுதச் சொல்லுங்கள்.

சாளைக்காரன் (கோபி):

பெரிய உபகாரமுங்க. தங்கச்சியும் "எனக்கு அப்படி எதுவும் எடுக்கவே இல்லையே அண்ணா" என்றாள். அதைக் கேட்டுத்தான் இன்னும் குழம்பிவிட்டேன்.

நெக்கார் கரை:

தங்கச்சிக்கு அங்கே குடியிருப்பு அனுமதி அட்டை இருக்கும், அதனால்தான். அட்டை இருப்பவர்கள் இந்தக் கணக்கிலேயே வர மாட்டார்கள். நானும் அப்படித்தான், சொந்த ஊர் தாராபுரம்.

அண்ணா, எல்லாரும் விரலைப் பார்க்கிறீர்கள், டிக்கெட்டை யாரும் பார்க்கவில்லை. விசாவில் இருப்பது 90 நாள், மூன்று மாசம் இல்லை. இறங்குகிற நாளும் ஒன்று, ஏறுகிற நாளும் ஒன்று. ஜூனில் 29, ஜூலையில் 31, ஆகஸ்டில் 30. ஆகஸ்ட் 30-உடன் 90 முடிந்தது. செப்டம்பர் 1 என்பது 92-வது நாள்!

முன்பெல்லாம் போலீஸ்காரர் முத்திரையைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டி எண்ணுவார், கண்ணில் படாமலும் போகும். இப்போது பாஸ்போர்ட்டை வைத்தவுடன் திரையில் நாள் வந்துவிடும். சாதாரணமாக மூன்று வருஷம் அந்தப் பதிவு இருக்கும், வெளியே போன பதிவே இல்லை என்றால் ஐந்து வருஷம். அடுத்த பேரன் பேத்திக்கு விசா கேட்கும்போது அந்த இரண்டு நாள் வந்து நிற்கும். பிரசவம் தள்ளிப்போனது என்று அங்கே போய் நீட்டித்துக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். அதெல்லாம் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் கேட்கிற சமாச்சாரம்.

இன்னொன்று, எருமை நெய் கட்டி அனுப்பிவிடாதீர்கள். பால் பொருளும் கறியும் வெளியிலிருந்து கொண்டுவரத் தடை, பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள். எங்கள் அத்தையின் இரண்டு கிலோ நெய் அப்படித்தான் போனது. தேங்காய்க்குத் தடை இல்லை. செக்கிலாட்டிய எண்ணெயும் மஞ்சள்தூளும் கொடுத்துவிடுங்கள், பிள்ளை பெற்றவளுக்கு அதுதானே வேண்டும்.

சாளைக்காரன் (கோபி):

அம்மிணி, நீங்கள் நல்லா இருக்கோணும். நேற்று ராத்திரியே டிக்கெட்டை மாற்றிவிட்டேன், ஆகஸ்ட் 28. தண்டம் கொஞ்சம் ஆனது, போகட்டும். திம்பம் மலைப்பாதையை ராத்திரியில் அடைத்துவிடுவார்கள் என்பதால் பெங்களூருக்குச் சேலம் வழி வண்டி சொல்லியாகிவிட்டது. நெய் தூக்கை அம்மா கையிலிருந்து வாங்குவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது.

தேதி மாற்றியதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிப் போனேன். கட்டுத்தறியில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை. "செவ்வாய்க்கிழமை போய் செவ்வாய்க்கிழமை பொறப்பட்டா பதிமூணு வாரம், தொண்ணூத்தொண்ணு. கடைசி நாள் பாலையும் சேர்த்தா தொண்ணூத்திரெண்டு. சொசைட்டிக் கணக்குல இத்தன வருசமா இப்படித்தானடா எழுதறேன், என்னையக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்" என்றார்.

சாணிக்கூடையைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கையைக் கழுவச் சொன்னேன். பத்து நாள் கணக்கு இன்றைக்கு ஆரம்பம்.