1919இல் சுயநிர்ணய உரிமை யாருக்குக் கிடைத்தது?

வெள்ளவத்தை மாணவி:
முதலாம் உலகப் போர் முடிந்ததும் போலந்தினருக்கும் செக் மக்களுக்கும் தனி அரசுகள் அமைந்தன. ஆனால் பாரிஸ் சமாதான மாநாட்டில் எகிப்தின் விடுதலையைக் கோர முனைந்த எகிப்தியத் தலைவர் சாத் சக்லூலைப் பிரித்தானியர் 1919 மார்ச்சில் கைதுசெய்து மால்டாவுக்கு நாடுகடத்தினார்கள். ஒவ்வொரு மக்களும் தம் ஆட்சியைத் தாமே தீர்மானிக்கலாம் என்று அமெரிக்க ஜனாதிபதி வில்சன் பேசிய சுயநிர்ணயக் கொள்கை ஒன்றுதான் என்றால் இந்த வேறுபாடு எதனால் வந்தது? உயர்தர வரலாற்றுக்கான எங்கள் குறிப்புகள் இதைத் தொடவேயில்லை.

கொட்டாஞ்சேனை வாசகர்:
தங்கச்சி, தோற்ற பேரரசுகளின் நிலத்தில்தான் அந்தக் கொள்கை பரீட்சிக்கப்பட்டது. ஜெர்மனி தோற்றதால் 1920இல் டென்மார்க் எல்லையோரமான ஷ்லெஸ்விக் பகுதி மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, வடபகுதியை டென்மார்க்குக்கும் தென்பகுதியை ஜெர்மனிக்கும் விட்டார்கள். துருக்கியப் பேரரசும் தோற்றதுதான். ஆனால் அதன் அரபு நிலங்களில் வென்றவர்களுக்கே கண் இருந்தது. சிரியா மக்களின் விருப்பத்தை அறிய வில்சன் அனுப்பிய கிங்–கிரேன் குழுவிடம் குவிந்த மனுக்களில் பெரும்பாலானவை பிரிக்கப்படாத சிரியாவையே கேட்டன. அறிக்கை 1922 வரை வெளியாகவில்லை. அதற்குள், 1920 ஜூலையில், பிரெஞ்சுப் படை டமாஸ்கஸுக்குள் நுழைந்துவிட்டது. வென்ற பிரித்தானியாவின் கையிலிருந்த எகிப்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

தெகிவளை ஆசிரியர்:
முந்தைய பதிலை ஏற்கிறேன், ஆனால் ஆளப்பட்டவர்கள் கைகட்டி நின்றார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அதே 1919 டிசம்பரில், பொன்னம்பலம் அருணாசலம் முதல் தலைவராக இருக்க, இங்கே கொழும்பில் இலங்கைத் தேசியக் காங்கிரஸ் உருவானது. அது கேட்டது பிரித்தானியப் பேரரசுக்குள் பொறுப்பாட்சியை, அதாவது மக்கள் பிரதிநிதிகளுக்குப் பதில் சொல்லும் ஆட்சியை, மட்டுமே. பிரித்தானியர் இலங்கைக்குக் கொண்டுவந்த, முழு விடுதலை தராத டொனமூர் அரசியல் யாப்பை ஏற்காமல் 1931 தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்த யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் அதைவிட வெகுதூரம் சென்றது; குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன.

கொட்டாஞ்சேனை வாசகர்:
உண்மைதான். பேரரசு எது என்ற சண்டையும் பின்னர் வந்தது. 1955இல் ஆசிய, ஆபிரிக்க நாடுகள் கூடிய பாண்டுங் மாநாட்டில் எங்கள் பிரதமர் கொத்தலாவல, சோவியத்தின் பிடியிலிருந்த கிழக்கு ஐரோப்பிய நாடுகளும் குடியேற்ற நாடுகள்தானே என்று கேட்டபோது நேரு கடுப்பானார். 1960இல் ஐக்கிய நாடுகள் சபை, குடியேற்ற நாடுகளுக்கு விடுதலை வழங்கக் கோரும் 1514ஆம் தீர்மானத்தை 89 வாக்குகளால் நிறைவேற்றியபோது எவரும் எதிர்க்கவில்லை. பிரித்தானியாவும் பிரான்சும் அமெரிக்காவும் உட்பட ஒன்பது நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. ஒரு நாட்டின் ஆள்புல ஒருமைப்பாட்டைக் குலைக்கும் முயற்சியை அதன் ஆறாம் பந்தி விலக்குகிறது. ஆதலால் பேரரசுகள் கோடு கிழித்த எல்லைகளுக்குள்ளேயே புதிய நாடுகள் பிறந்தன. அந்தக் கோட்டுக்குள் அகப்பட்ட சிறிய தேசிய இனங்களின் உரிமை அங்கேயே தீராத வழக்காக நிற்கிறது.